குறைந்த செலவில் வீட்டுச் சாமான்களை நாமே செய்வது: எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது

புதிதாகக் குடிபோன வீட்டுக்கு ஆளுயரப் புத்தக அலமாரி ஒன்று வேண்டும். கால் ஆடும் பழைய நாற்காலிகள் நான்கைச் சரிசெய்ய வேண்டும். சுவர்கள் வெறிச்சென்று கிடக்கின்றன. கையில் காசு குறைவு, கருவிகள் இல்லை, மரவேலை பழக்கமும் இல்லை. சரக்கு ஏற்றிவரும் பேலட் பலகைகளை உடைத்தே எல்லாவற்றையும் செய்துவிடலாமா? இதுதான் கேள்வி.

செய்யலாம். பேலட் விஷயம் மட்டும் பாதிதான் சரி, அதைப் பிறகு சொல்கிறேன். எதைச் செய்தாலும் ஒன்றை மனதில் வையுங்கள்: மரத்தில் மிச்சம் பிடிக்கலாம், இணைப்பிலும் பூச்சிலும் பிடிக்கக் கூடாது. சாதாரணப் பிளைவுட்டில் செய்த அலமாரியாக இருந்தாலும், மூலைகள் சதுரமாக அமைந்து, பசையும் ஸ்க்ரூவும் சரியாக விழுந்து, பின்பலகை இறுக்கமாக அறையப்பட்டிருந்தால் பல வருடம் அசையாமல் நிற்கும். விலையுயர்ந்த தேக்கை வாங்கி, துளை போடாமல் ஸ்க்ரூவைத் திணித்து, பசையே தடவாமல் விட்டால் சீக்கிரமே ஆட ஆரம்பித்துவிடும். ஒரு டப்பா பசை, ஒரு பெட்டி ஸ்க்ரூ, பத்துப் பன்னிரண்டு உப்புத்தாள் எல்லாம் சேர்ந்தாலும் மொத்தச் செலவில் சிறு பங்குதான் வரும். ஆனால் ஆரம்பிப்பவர்கள் கையை இறுக்குவது பெரும்பாலும் இவற்றில்தான்.

கருவிகள்

அளவு நாடா, மூலைமட்டம், ரசமட்டம், கூரான கைவாள், சுவரையும் துளைக்கக்கூடிய ஒயர் வைத்த டிரில், பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் நான்கு கிளாம்ப், கண் கண்ணாடி, தூசி முகமூடி. இவ்வளவு போதும். பேட்டரி டிரில் கைக்கு வசதிதான், ஆனால் அதே விலைக்கு ஒயர் டிரில் கூடுதல் பலம் தரும், கான்கிரீட்டிலும் இறங்கும். மரத்துக்கு 2.5, 3, 4 மி.மீ. பிட்டுகளும், சுவருக்கு 6, 8 மி.மீ. பிட்டுகளும், ஸ்க்ரூவின் தலை பலகைக்குள் அமர ஒரு கவுண்டர்சிங்க் பிட்டும் வாங்குங்கள்.

வட்ட ரம்பம் இப்போது வேண்டாம். பிளைவுட் விற்கும் பல கடைகளில் அளவு எழுதிக் கொடுத்தால் மேஜை ரம்பத்தில் அறுத்தே கொடுப்பார்கள். அந்த அறுப்பு நேராகவும் சதுரமாகவும் இருக்கும். புதியவர் கையால் 8 அடி நீளத்துக்கு நேராக அறுப்பது நடக்காத காரியம், அதை நம்பி மரம் வாங்க வேண்டாம். நீளமான அறுப்பெல்லாம் கடையில், சின்ன அறுப்பெல்லாம் வீட்டில் என்று பிரித்துக்கொண்டால் கருவிச் செலவு நன்றாகக் குறையும்.

பேலட் பலகை

பேலட்டில் முதலில் பார்க்க வேண்டியது முத்திரையை. நாடு விட்டு நாடு போகும் மரப் பேலட்டுகளைப் பூச்சி இல்லாமல் பதப்படுத்த ஐ.எஸ்.பி.எம். 15 என்ற பன்னாட்டு விதி இருக்கிறது. அதன்படி கோதுமைக் கதிர் படத்தோடு சில எழுத்துகளைக் குத்தியிருப்பார்கள். எச்.டி. (HT) என்று இருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் குறைந்தது 30 நிமிடம் வைத்துப் பதப்படுத்தியது, அதை எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. (MB) என்று இருந்தால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சு வாயு பிடித்தது, தொடாதீர்கள். முத்திரையே இல்லாத பேலட் என்ன சரக்கைச் சுமந்ததோ தெரியாது. எண்ணெய்க் கறையோ ரசாயன வாடையோ இருந்தால் முத்திரை என்னவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

அடுத்தது, உடைக்கும் வேலை. பேலட்டில் அறையப்படுவது பெரும்பாலும் முறுக்கு ஆணி. கடப்பாரை போட்டு நெம்பினால் ஆணி வராது, பலகைதான் பிளக்கும். இரும்பு அறுக்கும் பிளேடை இரண்டு பலகைக்கும் நடுவே விட்டு ஆணியை அறுத்துவிடுவதே வழி. ஆணியின் தலை பலகையிலேயே நிற்கும், பார்வைக்கும் நன்றாகவே இருக்கும். அறுத்த பலகைகளை இடையிடையே சின்னக் குச்சி வைத்து அடுக்கி, காற்றோட்டமுள்ள அறைக்குள் இரண்டு மூன்று வாரம் காயவிடுங்கள். வெளியில் கிடந்த ஈரப் பலகையை அன்றே அறைந்தால், காய்ந்து சுருங்கும்போது இடைவெளி விடும், முறுக்கிக்கொள்ளும்.

இவ்வளவு வேலைக்குப் பிறகு கிடைப்பது சுமார் 15 முதல் 20 மி.மீ. தடிமனில், ஒன்றுக்கொன்று அளவு மாறும் பலகைகள். சுவரில் மாட்டும் சின்னத் தட்டு, செடித்தொட்டிப் பெட்டி, படச்சட்டம், வாசல் பெஞ்சு, செருப்பு ஸ்டாண்டு இவற்றுக்கு அருமையாகப் பொருந்தும். ஆளுயர அலமாரிக்கும், சாப்பாட்டு மேஜைப் பலகைக்கும், குழந்தைத் தொட்டிலுக்கும் பொருந்தாது. அலமாரிக்கு நேரான, அகலமான, ஒரே தடிமனான பலகை வேண்டும். பேலட்டை இழைத்து ஒட்டி அந்த நிலைக்குக் கொண்டுவர ஆகும் உழைப்பில் பிளைவுட் அலமாரி இரண்டு செய்துவிடலாம்.

எந்தப் பலகை?

அலமாரிக்கு 18 மி.மீ. பிளைவுட்தான் என் பரிந்துரை. மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை வழவழப்பாக இருக்கும், பெயின்ட் அழகாகப் பிடிக்கும், ஆனால் கனம் அதிகம், தண்ணீர் பட்டால் ஓரம் உப்பிவிடும், உப்பினது திரும்ப இறங்காது. மரத்துகளை அழுத்திச் செய்யும் பார்ட்டிக்கிள் போர்டு மலிவு. அதன் ஓரத்தில் சாதாரண ஸ்க்ரூ பிடிக்காது, ஒருமுறை கழற்றி மாட்டினால் துளை பொடியாகிவிடும். கெட்டி மரம் வாங்கினால் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். காற்றின் ஈரம் கூடக் குறைய மரம் அகலவாட்டில் விரிந்து சுருங்கும், நீளவாட்டில் அநேகமாக மாறவே மாறாது. 30 செ.மீ. அகலப் பலகை சில மில்லிமீட்டர் வரை அசையும். அந்த அசைவுக்கு இடம் விடாமல் மேஜைப் பலகையைச் சட்டத்தோடு இறுக்கிப் பூட்டினால் பலகை நடுவில் விரிசல் விடும். அதனால்தான் மேஜைப் பலகையைப் பூட்டும் ஸ்க்ரூவுக்கு வட்டத் துளை போடாமல் நீள்துளை போடுகிறார்கள். பிளைவுட்டில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

ஒரே ஷீட்டில் ஒரு அலமாரி

8 அடிக்கு 4 அடி ஷீட் என்பது 2440 × 1220 மி.மீ. ரம்பம் ஒவ்வொரு அறுப்பிலும் சுமார் 3 மி.மீ. மரத்தைத் தின்றுவிடும். இதைக் கணக்கில் சேர்க்காமல் போடும் திட்டத்தில் கடைசித் துண்டு எப்போதும் குறையும்.

ஷீட்டை நீளவாட்டில் 290 மி.மீ. அகலமுள்ள நான்கு பட்டைகளாக அறுக்கச் சொல்லுங்கள். நான்கு பட்டை 1160, நான்கு அறுப்பு 12, ஆக 1172. மிச்சம் 48 மி.மீ. அகலத்தில் ஒரு மெல்லிய பட்டை நிற்கும். அதைக் கடையில் விட்டு வராதீர்கள், வேலை இருக்கிறது.

முதல் இரண்டு பட்டைகளிலும் 1800 மி.மீ. நீளத்தில் ஒவ்வொரு பக்கப்பலகை. அடுத்த இரண்டு பட்டைகளிலும் 714 மி.மீ. நீளத்தில் மும்மூன்று தட்டுகள், மொத்தம் ஆறு. 48 மி.மீ. பட்டையிலும் 714 நீளத்தில் மூன்று துண்டுகள். அலமாரியின் வெளி அகலம் 714 உடன் இரண்டு பக்கத் தடிமன் 36 சேர்ந்து 750. பின்பலகைக்கு 6 மி.மீ. பிளைவுட்டில் 1800 × 750. இதற்குத் தனி ஷீட் வேண்டும், ஆனால் அதில் சுமார் 46 செ.மீ. அகலத்தில் முழு நீளத்துக்கு மிச்சம் வரும். படச்சட்டங்களுக்குப் பின்பலகையாக அது முழுவதும் செலவாகிவிடும். முதல் ஷீட்டில் 637 × 290 அளவில் மிஞ்சும் இரண்டு துண்டுகள் அப்படியே இரண்டு சுவர்த்தட்டுகள்.

ஷீட்டின் நிஜத் தடிமன் 18 இல்லாமல் 17 சொச்சமாகவும் இருக்கலாம். பரவாயில்லை. ஆறு தட்டுகளும் ஒரே நீளமாக இருக்கிறதா என்பதே முக்கியம். ஒரு தட்டு 2 மி.மீ. குறைந்தாலும் பக்கப்பலகை அந்த இடத்தில் உள்வாங்கும். அதனால் ரம்பத்தில் தடுப்பை ஒருமுறை வைத்துவிட்டு, மாற்றாமல், ஆறையும் தொடர்ந்து அறுக்கச் சொல்லுங்கள்.

தட்டுகளின் இடம்: பக்கப்பலகையின் கீழ்முனையிலிருந்து 48, 395, 742, 1088, 1435, 1782 மி.மீ. இவை ஒவ்வொரு தட்டின் அடிப்பக்கம் வரவேண்டிய கோடுகள். நடுவில் கிடைக்கும் உயரம் ஏறக்குறைய 33 செ.மீ., பெரும்பாலான புத்தகங்கள் நிமிர்ந்து நிற்கும். இரண்டு பக்கப்பலகைகளையும் தரையில் பக்கம் பக்கமாக, முனைகள் ஒட்டி நிற்கும்படி கிடத்தி, ஒரே கோலால் இரண்டின் மேலும் சேர்த்துக் கோடு இழுங்கள். தனித்தனியாக அளந்து குறித்தால் எங்காவது ஒரு தட்டு சாய்ந்தே தீரும்.

தட்டு ஏன் தொய்கிறது

714 மி.மீ. நீளத்தை ஏன் பிடிவாதமாகச் சொல்கிறேன் என்றால், புத்தகம் கனமானது. ஒரு மீட்டர் தட்டு நிறைய அடுக்கினால் 30 கிலோ சாதாரணமாக வரும். புத்தகம் நிறைத்த தட்டின் தொய்வு அதன் நீளத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப ஏறும். நீளத்தை இரட்டிப்பாக்கினால் தொய்வு 16 மடங்கு. இந்த அலமாரியின் தட்டு நிறையப் புத்தகம் வைத்தாலும் நடுவில் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது. அதே பிளைவுட்டில் 120 செ.மீ. நீளத்துக்குத் தட்டு போட்டால் அது எட்டு மடங்கு, அதாவது கண்ணுக்கு நன்றாகத் தெரியும் வளைவு. மாதங்கள் போகப் போக இன்னும் இறங்கும். மரம் நீண்ட காலச் சுமைக்கு மெல்ல மெல்ல இணங்கிப் போகும், சுமையை எடுத்தாலும் முழுதாக நிமிராது.

நீளமான தட்டு வேண்டியே தீரும் என்றால் இரண்டு வழி. ஒன்று, நடுவில் ஒரு தாங்கல். இன்னொன்று, முன்னோரத்தின் அடியில் 40 மி.மீ. உயரத்தில் ஒரு பட்டையை நிமிர்த்தி வைத்துப் பசையோடு பூட்டுவது. அந்தப் பட்டை மட்டுமே தட்டின் விறைப்பை நன்றாகவே கூட்டும். விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப ஏறுவதே காரணம். படுக்கையில் கிடக்கும் பலகையைவிட நிமிர்ந்து நிற்கும் பட்டை அதிகம் தாங்கும். 48 மி.மீ. துண்டுகளில் ஒன்றுக்கு இதுதான் வேலை: கனமான புத்தகங்கள் வைக்கப்போகும் தட்டின் முன்னோரத்துக்கு அடியில் அது போகும். இன்னொன்று கீழ்த்தட்டுக்கு அடியில் முன்பக்கம், கால்பலகையாக. மூன்றாவது மேல்தட்டுக்கு அடியில் பின்பக்கம். சுவரோடு அலமாரியைப் பூட்ட அந்தத் துண்டு அவசியம்.

பூட்டுவது

ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்துக்கு மூன்று ஸ்க்ரூ, ஆக 36. அளவு 4 × 50 மி.மீ. பக்கப்பலகையில் 4 மி.மீ. துளை போட்டு ஸ்க்ரூ தாராளமாக நுழையும்படி செய்யுங்கள். தட்டின் ஓரத்தில் 2.5 அல்லது 3 மி.மீ. துளை. இரண்டு துளையும் ஏன் வேறு வேறு? ஸ்க்ரூவின் மரை இரண்டு பலகையையும் கடித்துக்கொண்டால் நடுவிலுள்ள இடைவெளி அப்படியே நிற்கும், எவ்வளவு முறுக்கினாலும் மூடாது. முதல் பலகையில் வழுக்கி, இரண்டாவதில் மட்டும் கடித்தால்தான் இரண்டும் இழுபட்டு ஒட்டும். மேல்தட்டுக்கான ஸ்க்ரூ பக்கப்பலகையின் முனையிலிருந்து 9 மி.மீ. தூரத்தில்தான் விழும். துளை போடாமல் திணித்தால் முதலில் பிளப்பது அந்த இடம்தான். முன், பின் ஓரங்களிலிருந்து 4 செ.மீ. உள்ளே தள்ளி ஸ்க்ரூ போடுங்கள்.

பசை சாதாரண வெள்ளை மரப்பசை போதும். தட்டின் ஓரத்தில் பிளைவுட் பசையைக் குடித்துவிடும், அதனால் மெலிதாக ஒருமுறை தடவி, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி தடவிப் பூட்டுங்கள். பிதுங்கி வரும் பசையை அப்போதே ஈரத்துணியால் துடையுங்கள். காயவிட்டால் அந்த இடத்தில் மரத்துக்கு நிறமேற்றும் ஸ்டெயின் பிடிக்காது, வெளுத்த திட்டாகத் தெரியும்.

எல்லாத் தட்டும் பூட்டியபின் அலமாரி உறுதியாகத் தெரியும். பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள், தீப்பெட்டியின் வெளிக்கூடு நசுங்குவது போலச் சாயும். அதை நிறுத்துவது பின்பலகை. பசை காயும் முன்பே அலமாரியை முகம் கீழாகக் கிடத்தி, மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு வாட்டிலும் அளந்து பாருங்கள். நாம் எடுத்த அளவுக்கு இரண்டுமே 1950 மி.மீ. வரவேண்டும். ஒன்று நீண்டிருந்தால் அந்த இரண்டு மூலைகளையும் உள்நோக்கி அழுத்தினால் சரியாகும். சமமானதும் பின்பலகையின் ஓரமெல்லாம் பசை தடவி, 15 செ.மீ.க்கு ஒன்றாகச் சின்ன ஸ்க்ரூ போடுங்கள். நடுத்தட்டுகளிலும் இரண்டிரண்டு. பணத்தை மிச்சம் பிடிக்கப் பின்பலகையையே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. எந்தச் சிக்கனத்தை விடவும் இது மோசமான சிக்கனம். பசை முழுப் பலம் பெற 24 மணி நேரம் ஆகும், அதற்குள் நிமிர்த்திப் புத்தகம் அடுக்க வேண்டாம்.

நிமிர்த்தியதும் மேலே பின்பக்கத் துண்டின் வழியாகச் சுவரில் இரண்டு ஸ்க்ரூ போட்டுப் பூட்டுங்கள். 29 செ.மீ. ஆழமும் 180 செ.மீ. உயரமும் உள்ள எதையும் குழந்தை ஏறி இழுத்தால் சாயும். இந்த ஒரு வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

பூச்சு

உப்புத்தாள் எண் 120, பிறகு 180, கடைசியில் 220 (எண் ஏற ஏற தாள் நைசாகும்). மர இழை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்த கீறல் ஸ்டெயின் போட்டதும் பளிச்சென்று தெரியும். பிளைவுட்டின் மேல்தோல் மிக மெல்லியது, ஒரே இடத்தில் அழுத்தித் தேய்த்தால் அடியிலுள்ள பசை அடுக்கு எட்டிப் பார்க்கும். தண்ணீர் கலந்த பூச்சு என்றால் முதல் தடவை பூசும்போதே மரத்தின் நார் நிமிர்ந்து சொரசொரக்கும். முன்கூட்டியே ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, காயவிட்டு, 220-ஆல் லேசாக வருடிவிட்டால் பிறகு நிமிராது.

பெயின்ட் என்றால் அடிப்பூச்சான பிரைமர் ஒரு தடவை, பெயின்ட் மெலிதாக இரண்டு தடவை. கெட்டியாக ஒரே தடவையில் முடிக்கப் பார்த்தால் வழிந்து நிற்கும், உள்ளே காயாது. சுவருக்குப் பூசி மிஞ்சிய எமல்ஷனை அலமாரித் தட்டில் பூசாதீர்கள். தொட்டால் காய்ந்தது போல இருக்கும், ஆனால் கனமான புத்தகம் ஒரு வாரம் நின்றால் அட்டையோடு ஒட்டி உரிந்து வரும். தட்டுகளுக்கு எனாமலோ, நிறமற்ற பாலியூரித்தேனோ போட்டு, குறைந்தது ஒரு வாரம் திறந்து வைத்துவிட்டுப் புத்தகம் அடுக்குங்கள்.

ஆளிவிதை எண்ணெயோ அது கலந்த பூச்சோ பூசினால், துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போடவே கூடாது. அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு கிளப்பும். சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி, தானாகவே தீப்பிடிக்கும். துணியை வெளியில் விரித்துப் போட்டு விறைப்பாகும் வரை காயவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் மூழ்க வைத்து மூடுங்கள்.

பழைய நாற்காலிகள்

ஆடும் நாற்காலிக்கு ஆணி அடிப்பதுதான் எல்லோரும் செய்வது. அது நாற்காலியின் ஆயுளைக் குறைக்கும். ஆணி மரத்தைப் பிளக்கும், அடுத்தமுறை சரிசெய்ய முடியாதபடி மூட்டையும் கெடுக்கும். ஆட்டத்துக்குக் காரணம் மூட்டில் பழைய பசை விட்டுப்போனதுதான். கழற்ற வரும் மூட்டுகளை ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டிக் கழற்றி, எது எங்கே போகும் என்று ஒட்டுத்தாளில் எண் எழுதி ஒட்டுங்கள். பழைய பசையை மரம் தெரியும்வரை சுரண்ட வேண்டும். காய்ந்த பசையின் மேல் புதுப் பசை பிடிக்காது, சுரண்டாமல் ஒட்டிய நாற்காலி சில மாதத்தில் மறுபடி ஆடும். மூட்டு தொளதொளவென்று இருந்தால் முனையில் மெல்லிய மரச்சீவலைப் பசையோடு சுற்றி ஒட்டி, காய்ந்தபின் தேய்த்து அளவாக்குங்கள்.

பெரிய கிளாம்ப் இல்லையா? கயிற்றை நான்கு காலையும் சேர்த்து இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டு, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்குங்கள். காசில்லாமல் கிடைக்கும் நல்ல இறுக்கம் இது. மூலைகளில் கயிறு பதியாமல் இருக்க அட்டை வையுங்கள். முறுக்கியதும் நாற்காலியைச் சமதரையில் நிறுத்தி, நான்கு காலும் தரையைத் தொடுகிறதா என்று பார்த்துவிட்டுக் காயவிடுங்கள். சாய்வாகக் காய்ந்துவிட்டால் பிறகு ஒரு காலைச் சீவ வேண்டிவரும்.

பழைய பெயின்ட் அடித்த நாற்காலி என்றால் ஒரு எச்சரிக்கை: பல பத்தாண்டு பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், ஈரம் வைத்துத் தேய்க்கும் உப்புத்தாளால் தேய்த்து, சேறைத் துடைத்து எடுங்கள். குழந்தைகள் இருக்கும் அறையில் இந்த வேலை வேண்டாம். மரத்தில் சிறு துளைகளும் அடியில் புதிதாக மாவு போலப் பொடியும் உதிர்ந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். இலவசமாகக் கிடைத்தாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

இருக்கை மெத்தை மாற்றுவதுதான் குறைந்த செலவில் அதிக மாற்றம் தெரியும் வேலை. இருக்கை பெரும்பாலும் அடியில் நான்கு ஸ்க்ரூவால்தான் நிற்கும். கழற்றிப் பழைய துணியைப் பிரித்து, அதையே வெட்டு அளவாக வைத்துக்கொள்ளுங்கள். ஃபோம் 5 செ.மீ. தடிமன், கன மீட்டருக்கு 32 கிலோ அல்லது அதற்கு மேலான அடர்த்தி. அடர்த்தி குறைந்த ஃபோம் கடையில் அழுத்திப் பார்க்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், சில மாதத்தில் பலகை தட்டுப்படும். துணி நான்கு பக்கமும் சுமார் 10 செ.மீ. கூடுதலாக இருக்கட்டும்.

துணியைக் கவிழ்த்து விரித்து, மேலே ஃபோம், அதன் மேல் பலகை. முதலில் முன்பக்க நடுவில் ஒரு ஸ்டேபிள், இழுத்துப் பிடித்துப் பின்பக்க நடுவில் ஒன்று. அப்புறம் இடம், வலம். இந்த நான்கும் விழுந்தபின் திருப்பிப் பாருங்கள், துணியின் கோடுகள் நேராக இருக்கின்றனவா என்று. கோணியிருந்தால் இப்போது பிரிப்பது சுலபம். பிறகு ஒவ்வொரு பக்கமும் நடுவிலிருந்து மூலை நோக்கி, 3 செ.மீ.க்கு ஒன்றாக அடித்துக்கொண்டு போய், மூலைக்கு 5 செ.மீ. முன்னால் நிறுத்துங்கள். மூலையில் துணியின் முனையை உள்நோக்கி இழுத்து முதலில் ஒரு ஸ்டேபிள்; இரண்டு பக்கமும் மிஞ்சும் துணியைச் சிறு மடிப்பாக மடித்து அதன் மேல் ஒவ்வொன்று. மூலையை முதலில் அடித்தவர்களுக்குத்தான் பக்கங்களில் சுருக்கம் விழும்.

சுவர்கள்

வெறிச்சென்ற சுவருக்குப் பொருள் வாங்கும் முன் விளக்கை மாற்றுங்கள். கூரை நடுவில் ஒரே வெள்ளை விளக்கு எரியும் அறையில் எதை மாட்டினாலும் எடுபடாது. 2700 கெல்வின் அளவிலான மஞ்சள் ஒளி எல்.இ.டி. பல்பு போட்ட மேஜை விளக்கு இரண்டை மூலைகளில் வைத்தாலே அறையின் தோற்றம் மாறிவிடும். காகிதக் கூடு, துணிக்கூடு செய்வதானால் எல்.இ.டி. தவிர வேறு பல்பு கூடாது, அதுவும் கூட்டைத் தொடாமல் இருக்க வேண்டும்.

திரைச்சீலையில் எல்லோரும் துணியின் நீளத்தை மட்டும் பார்ப்பார்கள். அகலம்தான் அழகு. கம்பியின் நீளத்தைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு துணி இருந்தால்தான் மடிப்பு விழும். விலையுயர்ந்த துணியைக் குறைவாகப் போடுவதைவிடச் சாதாரணப் பருத்தித் துணியைத் தாராளமாகப் போடுவது நன்றாக இருக்கும். கம்பியை ஜன்னலுக்கு 10 முதல் 15 செ.மீ. மேலேயும், இரண்டு பக்கமும் 15 செ.மீ. வெளியேயும் நீட்டி மாட்டினால் ஜன்னல் பெரிதாகத் தெரியும், திறந்து வைக்கும்போது வெளிச்சமும் மறையாது.

படங்களை அநேகம் பேர் உயரத் தூக்கி மாட்டுகிறார்கள். படத்தின் நடு, தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் வரட்டும். சோபாவுக்கு மேலே என்றால் படத்தின் கீழ்விளிம்பு சோபாவின் முதுகிலிருந்து 15 முதல் 20 செ.மீ. மேலே. பல படங்களைச் சேர்த்து மாட்டுவதானால் ஒவ்வொன்றின் அளவுக்கும் செய்தித்தாள் வெட்டிச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் பார்த்துவிட்டு அப்புறம் துளை போடுங்கள். படங்களுக்கு நடுவே 5 செ.மீ. இடைவெளி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தால் சட்டங்கள் வேறு வேறாக இருந்தாலும் ஒன்றாகத் தெரியும்.

சுவர்த்தட்டு மாட்ட, ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளச் சுவர்த் துளைக்குள் செருகும் 8 மி.மீ. பிளக்கும் 5 மி.மீ. ஸ்க்ரூவும். சுவிட்சுக்கும் பிளக் பாயின்ட்டுக்கும் நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் துளைக்காதீர்கள், ஒயர் பெரும்பாலும் அந்தக் கோடுகளில்தான் ஓடும். பிளக்கின் நீளத்தைவிட 10 மி.மீ. ஆழமாகத் துளைத்து, உள்ளே தங்கும் தூசியை ஊதி எடுங்கள். தூசி இருந்தால் பிளக் முழுதாக இறங்காது, வெளியே துருத்தும் பிளக்கைச் சுத்தியலால் அடித்து நுழைத்தால் அது நசுங்கிப் பிடிமானம் போய்விடும். செங்கல் சுவரில் பிட்டு திடீரென்று மெத்தென்று இறங்கினால் நீங்கள் கலவை இணைப்பில் துளைக்கிறீர்கள், 3 செ.மீ. மேலேயோ கீழேயோ தள்ளிக் கல்லில் போடுங்கள். தட்டினால் வெற்று ஒலி கேட்கும் தடுப்புச் சுவரில் சாதாரணப் பிளக் நிற்காது. உள்ளே நிற்கும் சட்டத்தைத் தேடி அதில் ஸ்க்ரூ போடுங்கள், இல்லையென்றால் வெற்றுச் சுவருக்கென்றே விற்கும் விரியும் பிளக்கைப் போட்டு இலேசான பொருளை மட்டும் மாட்டுங்கள். கனமான கண்ணாடியை எந்தச் சுவரிலும் ஒட்டுநாடாவை நம்பி மாட்ட வேண்டாம். அதற்கு இரண்டு கொக்கி, ரசமட்டம் வைத்து ஒரே மட்டத்தில். ஒற்றைக் கொக்கியில் தொங்கும் சட்டம் ஒவ்வொருமுறை கதவு சாத்தும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணிக்கொண்டே இருக்கும்.